எஞ்சின் நின்ற ஹெலிகொப்டருக்கு நம் மைதானம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளி நாட்களில் மலையகத்துக்கு வந்துபோன ஹெலிகொப்டர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அக்கறையோடு எழுதிய நல்ல கடிதம். ஆனால் "வானத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் ஹெலிகொப்டர் அப்படியே விழ வேண்டியதுதான், கடவுள்தான் துணை" என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. சின்ன ஹெலிகொப்டர்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இரத்மலானை விமான நிலையத்தில் தொடங்கி, பிறகு வளைகுடாவில் வேலை பார்த்து, இப்போது ஓய்வுபெற்றுத் தலவாக்கலைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்திலேயே இருக்கிறேன். அந்த வரியை நம்பிவிட்டால், கீழே நிற்கும் நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றாகிவிடும். அது சரியில்லை. ஆபத்தில் இறங்கும் ஒரு ஹெலிகொப்டர் பிழைப்பதில் பாதி, கீழே இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் எஞ்சின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அதிகம் கை வைத்தது ரொபின்சன் ஆர்44 என்ற ஹெலிகொப்டரில். நான்கு பேர் உட்காரலாம். ஆறு சிலிண்டர் கொண்ட ஒரே எஞ்சின், விமானப் பெற்றோலில் ஓடுவது. அந்த எஞ்சினுக்கும் மேலே சுற்றும் இறக்கைக்கும் நடுவில் ஒரு வழியில் மட்டும் பிடிக்கும் கிளச் ஒன்று உண்டு. சைக்கிளில் பள்ளத்தில் இறங்கும்போது மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டில் சுற்றுகிறதல்லவா, அதே வேலைதான். எஞ்சின் செத்தாலும் அது இறக்கையைப் பிடித்து இழுக்காது. ஹெலிகொப்டர் கீழே இறங்க இறங்க, கீழிருந்து எதிர்த்து வரும் காற்றே இறக்கையைச் சுற்ற வைக்கும். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். ஹெலிகொப்டர் ஓட்டப் பழகும் ஒவ்வொருவரும் இதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டிய பிறகுதான் உரிமம் பெறுகிறார்கள்.

ஆனால் இதற்கு நேரம் மிகக் குறைவு. எஞ்சின் நின்ற கணத்தில் மூக்கு இடது பக்கம் வெட்டித் திரும்பும், சத்தம் மாறும். விமானி இடது கையால் பிடித்திருக்கும் கலெக்டிவ் லீவரை, அதாவது இறக்கையின் சாய்வைக் கூட்டிக் குறைத்து ஹெலிகொப்டரை ஏற்றி இறக்கும் லீவரை, அந்த நொடியே கீழே தள்ளிவிட வேண்டும். ஆர்44இன் இறக்கை பாரம் குறைந்தது. லீவரைத் தள்ளத் தாமதித்தால் ஓரிரு விநாடியில் சுற்று வேகம் விழுந்துவிடும். சுற்று வேக மானியில் 97 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹோர்ன் அலறும். விழுந்த வேகத்தை ஓரளவுக்கு மேல் திருப்பி எடுக்கவே முடியாது. லீவரைச் சரியாக இறக்கிவிட்டால், 70 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றரில், நிதானமாகச் சரிந்து வரலாம். தரைக்கு 40 அடி இருக்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்ல வேண்டும். 8 அடியளவில் மட்டமாக்கி, தரையைத் தொடப்போகும் நேரத்தில் கலெக்டிவை மேலே இழுக்க வேண்டும். இறக்கையில் மிச்சமிருக்கும் சுற்றெல்லாம் அந்த ஒரு இழுப்பில் செலவாகிவிடும். மெதுவாகத் தரையில் உட்காரலாம். இரண்டாவது இழுப்புக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

கணக்கையும் பாருங்கள். ஆர்44 எஞ்சின் இல்லாமல் இறங்கும்போது எவ்வளவுதான் மெதுவாக இறக்கினாலும் நிமிடத்துக்கு 1,350 அடி இறங்கும். தரையிலிருந்து ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் விமானிக்குக் கிடைப்பது முக்கால் நிமிடம். எவ்வளவு நீட்டி ஓட்டினாலும் போகக்கூடிய தூரம் உயரத்தைப்போல் நாலே முக்கால் மடங்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர். அதுவும் காற்றில்லாத நாளில், கடல் மட்டத்துக்குக் கிட்ட. நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிசு, எல்லாமே இன்னும் வேகமாக நடக்கும். ஒரு மலை முகட்டைத் தாண்டும்போது காலுக்குக் கீழே ஆயிரம் அடிகூட இருக்காது. அந்த முக்கால் நிமிடத்துக்குள், ஒன்றரைக் கிலோமீற்றருக்குள், மட்டமான ஒரு துண்டு நிலம் வேண்டும்.

இரத்மலானையில் ஒரு கெப்டன் இருந்தார். நுவரெலியாவில் பயணிகளை ஏற்றப் போகும்போது பக்கத்து ஆசனத்தில் என்னையும் சில தடவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். கினிகத்தேனையைத் தாண்டி மலை தொடங்கியதும் அவர் வாய் ஓயாது. சிங்களத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வருவார். "இப்ப நின்றால் அந்தப் பாடசாலை மைதானம்." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அந்த ஆற்றங்கரை." அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தேயிலைச் சரிவாக இருக்கும்போது, "இப்ப ஒன்றுமில்லை, உயரம் எடுப்போம்." பயணம் முடியும்வரை இதேதான். மலையகத்து வான்வழியை அவர் மைதானம் மைதானமாகத்தான் மனதில் வைத்திருந்தார். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று நமக்கு ஊர்கள் எப்படியோ, அவருக்குத் தோட்டத்து மைதானங்கள் அப்படி.

இனி அந்த மைதானங்களின் நிலைமையைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்து மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவுக்குக் கட்டிய மின்விளக்குக் கம்பி, திருவிழா முடிந்த பின்பும் மைதானத்தின் குறுக்கே இந்த மரத்திலிருந்து அந்தக் கம்பம் வரை தொங்குகிறது. கரப்பந்தாட்டக் கம்பங்கள் இரண்டு, துருப்பிடித்த கம்பி வலையோடு. ஒரு மூலையில் கல் குவியல். சூறாவளியில் பறந்துவந்த கூரைத் தகரங்கள் இன்னும் ஓரமாகக் கிடக்கின்றன. மேலிருந்து பார்க்கும் விமானிக்கு நல்ல பச்சை மைதானம்தான் தெரியும். அந்த மெல்லிய கம்பி தெரியவே தெரியாது. நாற்பது அடிக்கு வந்த பிறகு தெரிந்து என்ன பயன்? எஞ்சின் இல்லாத ஹெலிகொப்டரால் மேலே எழும்பித் தாண்ட முடியாது.

திருவிழாக் கம்பியைவிடப் பெரிய எமன் பள்ளத்தாக்கைக் கடக்கும் மின்கம்பிகள். லக்ஷபான, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு மலை முகட்டில் ஒரு கோபுரம், எதிர் முகட்டில் இன்னொன்று. நடுவில் ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் கம்பி. தேயிலைப் பச்சைக்கு முன்னால் சாம்பல் நிறக் கம்பி கண்ணில் படாது. அதனால் விமானிகள் கம்பியைத் தேட மாட்டார்கள், கோபுரத்தைத் தேடுவார்கள். கோபுரம் மூடுபனிக்குள் இருந்தாலோ மரத்தால் மறைந்திருந்தாலோ அதுவும் போச்சு. நிவாரண வேலைக்கு வரும் ஹெலிகொப்டர்கள் தாழத்தான் பறக்கும், மழை மேகத்துக்கு அடியில் பள்ளத்தாக்கோடு ஒட்டித்தான் வரும். அந்த மாதிரி இடங்களிலெல்லாம் கம்பியில் சிவப்போ செம்மஞ்சளோ பந்து கட்டிவிடுவது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். நம் பள்ளத்தாக்குகளில் எங்கெங்கே பந்து இல்லையோ அங்கெல்லாம் கட்டும்படி மின்கம்பிகளுக்குப் பொறுப்பானவர்களை இந்தக் கடிதத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா அவசர இறக்கமும் எஞ்சின் நின்று வருவதல்ல. பெரும்பாலும் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானி இறக்குவார். ஆர்44இல் எஞ்சினிலிருந்து இறக்கைக்குச் சக்தி போவது ரப்பர் பெல்ட்டுகள் வழியாக. அவற்றை முறுக்கிப் பிடிக்க ஒரு சின்ன மோட்டார். அது வேலை செய்யும்போது முன்னால் கிளச் விளக்கு எரியும். சூட்டில் பெல்ட் கொஞ்சம் நீண்டால் தானாக முறுக்கிக்கொள்ளும், விளக்கும் அணைந்துவிடும். பத்து விநாடிக்கு மேல் அணையாமல் எரிந்தால் பெல்ட்டிலோ பெயரிங்கிலோ கோளாறு இருக்கலாம். உடனே அந்த மோட்டாரின் சர்க்கியூட் பிரேக்கரை இழுத்துவிட்டு, சக்தியைக் குறைத்து, கிடைக்கிற இடத்தில் இறங்க வேண்டும் என்பது கைந்நூலில் உள்ள விதி. அந்தக் கெப்டன் ஒரு தடவை இப்படியே ஒரு தோட்டத்து மைதானத்தில் அழகாக இறக்கினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் வீதியால் போய்ச் சேர்வதற்குள் "ஹெலிகொப்டர் விழுந்து நாலு பேர் முடிஞ்சுது" என்று ஊர் முழுக்கக் கதை. மைதானத்தில் ஐந்நூறு பேர் இருப்பார்கள். தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர், யாரைக் கேட்டு இங்கே இறக்கினீர்கள் என்று கெப்டனோடு சண்டைக்கு நின்றார். சொல்ல வருத்தமாக இருக்கிறது. நேரத்தோடு இறங்குகிற விமானிதான் நல்ல விமானி. மேகம் மூடிக்கொண்டு வருகிறது, போக வழியில்லை என்று ஒருவர் நம் மைதானத்தில் இறங்கினால் அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்க வேண்டும். திட்டினால், அடுத்த தடவை இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம் என்று நினைப்பார். மலையில் மூடுபனிக்குள் அந்தக் கொஞ்ச தூரம்தான் ஆளைக் கொல்கிறது.

இனி எனக்கு மிகவும் பயமான விஷயத்துக்கு வருகிறேன். இறங்கிய பிறகு நாம் செய்வது.

டிசம்பரில் எங்கள் பக்கத்துப் பாடசாலை மைதானத்தில் நிவாரணத்தோடு ஒரு ஹெலிகொப்டர் இறங்கியது. வீதி உடைந்து, அரிசி பருப்பு இல்லாமல் இருந்த நேரம். சனம் ஓடியதில் குற்றமே இல்லை. ஆனால் ஓடிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பத்து வயசுப் பையன் ஒருவன், முன்பக்கம் ஆட்கள் நிறைந்திருந்ததால், சுற்றிக்கொண்டு வால் பக்கமாகப் போய் அடுத்த கதவுக்குப் போகப் பார்த்தான். "டேய் தம்பி, அங்கே போகாதே" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பையன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கோபமாக ஏதோ சொன்னான். வாலில் சுற்றும் அந்தச் சின்ன இறக்கை அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதுதான் அதன் ஆபத்து. ஆர்44இல் அது நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும், ஒரு ஆளின் தலைக்கும் நெஞ்சுக்கும் நேரே. வெளிச்சத்தில் வெறும் காற்று மாதிரித்தான் இருக்கும். எந்த ஹெலிகொப்டராக இருந்தாலும், எந்தக் காரணத்துக்காகவும், பின்னால் போகக் கூடாது.

அதே நேரம் ஓர் அக்கா தலையில் போட்டிருந்த தறப்பாள் காற்றில் பிய்த்துக்கொண்டு மேலே போனது. அது இறக்கையில் சுற்றியிருந்தால் அன்றைக்கு ஹெலிகொப்டரும் போய், கூட்டமும் போயிருக்கும். கொழுந்து மலையிலிருந்து நேரே வரும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு, தலையில் போடும் சாக்கு, குடை, தொப்பி எல்லாவற்றையும் கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தூர வைத்துவிட்டு வர வேண்டும். மைதான ஓரத்தில் கிடக்கும் தகரமும் அப்படித்தான் பறக்கும்.

எங்கள் இடம் சரிவு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சரிவில் இறங்கிய ஹெலிகொப்டருக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வரவே கூடாது. பள்ளத்துப் பக்கத்தில் இறக்கை தலைக்கு மேலே உயரத்தில் சுற்றும். மேட்டுப் பக்கத்தில் அதே இறக்கை கழுத்து மட்டத்தில் சுற்றும். எஞ்சினை நிறுத்திய பின்பும் அது அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம். மெதுவாகச் சுற்றும்போது நுனி இன்னும் கீழே தொங்கும், காற்று அடித்தால் திடீரென்று தாழும். சத்தம் நின்றுவிட்டது, போகலாம் என்று நினைப்பது தப்பு. இறக்கை அசையாமல் நிற்க வேண்டும், அல்லது விமானி உங்களைப் பார்த்துக் கை காட்ட வேண்டும். அதுவரை தூரத்தில் உட்கார்ந்திருங்கள். கை காட்டிய பிறகு குனிந்து, முன்பக்கமாக அல்லது பக்கவாட்டில், அவர் கண்ணுக்குத் தெரியும்படி போங்கள். வந்த வழியாலேயே திரும்பி வாருங்கள்.

கவ்வாத்து மலையைப் பற்றியும், அதாவது தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டிவிட்ட மலையைப் பற்றியும், ஒரு வார்த்தை. கவ்வாத்து வெட்டிய மலை மேலிருந்து பார்க்க வெட்டவெளி மாதிரி இருக்கும். கிட்ட வந்தால் முழங்கால் உயரத்துக்குக் கூரான கட்டைகள், நடுவில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான். ஹெலிகொப்டர் காலாக ஊன்றி நிற்கும் இறங்குச் சட்டம் ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டால், திரும்ப மேலே எழும்பும்போது மாட்டிய பக்கமாக ஹெலிகொப்டர் சரிந்து, இறக்கை நிலத்தில் அடித்துக் கவிழ்ந்துவிடும். கொஞ்சம் சரியும்போதே விமானி கலெக்டிவை மெதுவாக இறக்கினால்தான் தப்பலாம். ஆகவே இறங்கி நிற்கும் ஹெலிகொப்டரின் சட்டத்தில் யாரும் ஏறி நிற்கவோ, கயிறு கட்டவோ, ஒரு பக்கம் மூட்டையைச் சாய்க்கவோ கூடாது. கான் வெட்டும் ஐயாமார் புறப்படுவதற்கு முன் சட்டத்தைச் சுற்றிப் பார்த்து, மாட்டியிருக்கும் கட்டையை விமானிக்குக் காட்டினால் பெரிய உதவி.

தீ. ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்குள் தீ பிடிப்பது உண்டு. அப்போது விமானி நிறுத்த மாட்டார், எஞ்சினை இன்னும் சுற்றுவார். தீயையும் மிச்சப் பெற்றோலையும் எஞ்சினே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதற்காக. வெளியே நிற்பவர்கள் வாளியில் தண்ணீரோடு ஓடி வர வேண்டாம். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். எல்லாத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தீயணைப்புக் குடுவைகள் சுவரில் தொங்குகின்றன. ஹெலிகொப்டர் வரப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், உலர்தூள் குடுவை இரண்டைத் தொழிற்சாலையிலிருந்து மைதானத்துக்குக் கொண்டுவந்து வைக்கலாம். செலவே இல்லாத காரியம். ஹெலிகொப்டர் மோதி உடைந்திருந்தால் தாங்கியில் நூறு லீற்றருக்கு மேல் பெற்றோல் இருக்கக்கூடும் என்று நினைத்து நடக்க வேண்டும். பீடி, சிகரெட், அருகே ஸ்டார்ட் செய்யும் முச்சக்கரவண்டி எதுவும் கிட்ட வரக் கூடாது. தீ இல்லையென்றால், காயப்பட்டவரை அவசரமாக இழுத்து வெளியே எடுக்காதீர்கள். முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்துவிட்டு, அவரோடு பேசிக்கொண்டு, இரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடித்திருங்கள். தீ பிடித்தால் மட்டும் எப்படியாவது வெளியே எடுத்துவிடுங்கள்.

ஏறிப் போகிறவர்களுக்கும் சுருக்கமாக: பட்டியை இறுக்கிக் கட்டுங்கள். விமானி வேலையில் இருக்கும்போது கத்தாதீர்கள். இறங்கியதும் இறக்கை நிற்கும்வரை கதவைத் திறந்து குதிக்காதீர்கள். காசல்ரீ, மவுசாகலை மாதிரி நீர்த்தேக்கத்தில் இறக்க வேண்டி வந்தாலும் அதே விதிதான். ஒரு கையால் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இறக்கை நின்ற பிறகே பட்டியைக் கழற்றி வெளியேறுங்கள்.

இதையெல்லாம் ஏன் தோட்டத்துச் சனத்துக்குச் சொல்கிறேன் என்றால், மலையில் எது விழுந்தாலும் முதலில் போய்ச் சேர்கிறவர்கள் நாம்தான். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மார்ட்டின் எயார் விமானம் மோதி 191 பேர் இறந்தபோது, இருட்டில் மலையேறியது தோட்டத்து ஆட்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். 2020 ஜனவரி 3ஆம் திகதி ஹப்புத்தளையில் விமானப்படையின் வை-12 விமானம் விழுந்து நால்வர் இறந்தார்கள். 2025 நவம்பர் 30ஆம் திகதி நிவாரணப் பணிக்குப் போன பெல் 212 ஹெலிகொப்டர் லுணுவிலவில் விழுந்து, அதன் விமானி உயிரைக் கொடுத்தார். நமக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் இந்த ஆபத்துக்கெல்லாம் தெரிந்தே வருகிறார்கள்.

பிரதேச செயலகங்களுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் ஒரு மைதானத்தை இதற்கென்று குறித்து வையுங்கள். அதன் குறுக்கே ஒரு கம்பியும் போகக் கூடாது, திருவிழா முடிந்த மறுநாளே அலங்காரக் கம்பியைக் கழற்ற வேண்டும் என்று கோயில் சபையோடு பேசிக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு கம்பத்தில் நீளமான சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விமானிக்கு மேலிருந்தே தெரிந்துவிடும். பாடசாலை அதிபர்மார் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால், தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளுக்கு நானே வந்து பிள்ளைகளுக்குச் செய்து காட்டத் தயார். போக்குவரத்துச் செலவு எதுவும் வேண்டாம். மார்ச் கடைசிக்குப் பிறகு எங்கள் மலையில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும், அதற்கு முன் வைத்துக்கொண்டால் நல்லது. விரும்பும் அதிபர்கள் உங்கள் அலுவலகம் மூலம் என்னைத் தொடர்புகொள்ள ஆசிரியர் அவர்கள் உதவ வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹெலிகொப்டர் பராமரிப்பாளர்,
தலவாக்கலை.